ஏணி ஏறாத மாதங்கள்

தையலக்காவுக்குத் தெரியாமல் அந்தத் தெருவுக்குள் ஒரு தபால்கூட வந்து சேராது. அளவு நாடாவை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். பார்ப்பவர்களுக்குத் தானுண்டு தன் தையலுண்டு என்று இருப்பதாகத் தோன்றும். ஆனால் எதிர்ச் சுவரில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று இருந்தது. துணியைப் போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக என்று பெயர். தெரு முழுவதும் அதில் தெரியும். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், வரும்போது முகம் எப்படி இருந்தது, போகும்போது எப்படி இருந்தது என்பதெல்லாம் சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரை போய்விடும்.

அப்பேர்ப்பட்டவள் தன் வீட்டுச் சேதி ஒன்றை மட்டும் வெளியே மூச்சுவிட்டதில்லை. அது தெருவில் எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் வீட்டுக்காரரைத் தெருவில் ஏணிக்காரர் என்பார்கள். கண்ணாடி ஜன்னல் துடைப்பது தொழில். சுவரில் தடம் படாமல் இருக்க நுனியில் துணி சுற்றிய ஏணி, ரப்பர் பட்டை வைத்த வைப்பர், ஒரு வாளி சோப்புத் தண்ணீர், தோளில் பழைய துண்டு. வெயில் மாதங்களில் அவரைப் போல ஒரு மனிதரைப் பார்க்க முடியாது. விசிலடித்துக்கொண்டே ஏறுவார், விசிலடித்துக்கொண்டே இறங்குவார். துடைத்து முடித்த ஜன்னலைத் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று, பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

இருட்டு மாதங்கள் வந்தால் கதையே வேறு. வானம் ஈரச் சாம்பலைக் கொட்டிய மாதிரி கவிழ்ந்துகொள்ளும். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பதற்குள் தெருவிளக்கு எரிய ஆரம்பிக்கும். மழையில் எவனாவது ஜன்னல் துடைப்பானா என்று எல்லோரும் அவரை மறந்துவிடுவார்கள். ஏணி சுவரோரம் சாயும், மனிதர் சோபாவில் சாய்வார். முதலில் விசில் நிற்கும், அப்புறம் பேச்சு குறையும், அப்புறம் சாப்பாடு குறையும். அதற்கப்புறம், "தொண்டை கரகரங்குது, கொஞ்சம் இதமா இருக்கும்" என்று ஒரு பாட்டில் வீட்டுக்குள் வரும். அந்தத் தொண்டை வெயில் வரும்வரை குணமாகாது.

குடித்துவிட்டு அடிதடி பண்ணும் ஜாதியில்லை அவர். குடித்தால் அவருக்கு மரியாதை வந்துவிடும். பெண்டாட்டியை "வாங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்களே" என்பார். இடித்துக்கொண்ட நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பார். தெருவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தையலக்காவுக்குச் சிரிப்பு வராது.

போன வருஷ இருட்டு மாதத்தில் வெளியூரிலிருந்து மகள் வந்திருந்தாள், மாப்பிள்ளையோடு. சாப்பாட்டு மேஜைக்கு எடுத்து வந்த பீங்கான் தட்டுகளை அடுக்கோடு தரையில் போட்டு உடைத்துவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு, அங்கேயே படுத்துத் தூங்கிப்போனார் ஏணிக்காரர். மாப்பிள்ளை துடைப்பம் எடுத்து வந்து கூட்டினார். 

இந்த வருஷம் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. "எப்படி வர்ற, எந்தப் பஸ்ல வர்ற?" என்று தையலக்கா ஃபோனில் துள்ளியபோது மகள் நிதானமாகத்தான் சொன்னாள்.

"மழை ஆரம்பிச்சிடுச்சுல்ல அங்க? அப்பா ஆரம்பிச்சிட்டாரா?"

"சேச்சே. பச்சத் தண்ணி தவிர எதையும் தொடறதில்ல."

"இப்ப தொட மாட்டார்மா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். நான் இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றதா இருக்கேன். அதுவரைக்கும் அப்பா நல்லா இருந்தா வருவேன். இல்லன்னா வெயில் வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

"அதுக்குள்ள பிள்ளை நடக்கவே ஆரம்பிச்சிடுமேடி!"

"அந்தத் தட்டு இருந்த கையில என் பிள்ளை இருந்திருந்தா என்னம்மா பண்ணுவ?"

ஃபோனை வைத்த தையலக்கா அன்றைக்கு ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

மறுநாள் மாடி வீட்டு நர்ஸம்மா யூனிஃபார்மில் ஜிப் மாற்ற வந்தாள். தையலக்கா கதவைச் சாத்திவிட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார் நர்ஸம்மா. மழை வந்தா குடிக்க ஆரம்பிச்சிடறார். வெயில் வந்தா நிறுத்திடறார். இது என்ன நோய்?"

"யாருக்கா அது?"

"தூரத்துச் சொந்தம்."

"எவ்வளவு தூரம்? உங்க சோபா வரைக்குமா?"

தையலக்கா ஜிப்பை உற்றுப் பார்த்தாள். நர்ஸம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சில பேருக்கு வெளிச்சம் குறைஞ்சா மனசும் கூடவே குறைஞ்சிடும்க்கா. எதுலயும் பிடிப்பு இருக்காது, எழுந்திரிக்கவே தோணாது. அதைத் தூக்கி நிறுத்த ஊத்திக்கறாங்க. அது கொஞ்ச நேரம் தூக்கிவிட்டுட்டு, முன்னாடி இருந்த இடத்தைவிடக் கீழ கொண்டுபோய்ப் போட்டுடும். தூக்கமும் கெடும். மறுநாள் இன்னும் இருட்டாத் தெரியும். இன்னும் கொஞ்சம் ஊத்திக்குவாங்க."

"அப்ப என்னதான் பண்றது?"

"பகல்ல வெளிய இருக்கணும். மேகமா இருந்தாலும் பரவாயில்ல, வீட்டுக்குள்ள விட வெளிய வெளிச்சம் ஜாஸ்தி. கைக்கு வேலை இருக்கணும், நாலு பேரோட பேசணும். முக்கியமா எங்க கிளினிக்குக் கூட்டிட்டு வாங்க. இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார், பொறுமையாப் பேசுவார்."

கிளினிக் என்ற சொல்லைத் தையலக்கா இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். கிளினிக்குப் போனால் தெருவுக்குத் தெரிந்துவிடாதா? ஆனால் 'பகலில் வெளியே, கைக்கு வேலை' என்பது மண்டைக்குள் நட்டுக்கொண்டு நின்றுவிட்டது.

ஏனென்றால் ஏணிக்காரரிடம் ஒரு சட்டம் உண்டு. ஏணி ஏறுகிற நாளில் தொடமாட்டார். அதற்கு முந்தின நாள் சாயங்காலமும் தொடமாட்டார். வாலிபத்தில் கூட வேலை பார்த்த ஒருவன் வாயில் நாற்றத்தோடு இரண்டாவது மாடியிலிருந்து இறங்கினதை, அதாவது ஏணி இல்லாமல் இறங்கினதை, அவர் கண்ணால் பார்த்தவர். எந்தக் கடவுளுக்கும் கட்டுப்படாத மனிதர் அந்த ஏணிக்குக் கட்டுப்படுவார். அப்படியென்றால், தினமும் ஏறவைத்துவிட்டால்? கடைசி ஞாயிறு வரை ஒரு நாள் விடாமல் யாராவது ஜன்னல் துடைக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால்?

மழையில் யார் கூப்பிடுவார்கள் என்றுதானே கேட்கிறீர்கள். அதற்குத்தான் தையலக்காவுக்கு ஆண்டவன் ஒரு வாயைக் கொடுத்திருந்தான்.

முதலில் வாத்தியாரின் மனைவி வாத்தியாரம்மாவிடம் போனாள். ரவிக்கை அளவு சரிபார்க்கிற சாக்கு. தோளை அளந்துகொண்டே ஜன்னல் பக்கம் பார்த்து, "ம்ஹும்" என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

"என்ன தையலக்கா?"

"ஒண்ணுமில்ல. எதிர் வீட்டுப் பல் டாக்டர் சம்சாரம் ஏதோ சொன்னாங்க. எனக்கு எதுக்கு ஊர் வம்பு."

ஊர் வம்பு எதற்கு என்று தையலக்கா சொன்னால் அடுத்ததைக் கேட்காமல் விட்டவர் கிடையாது.

"என்ன சொன்னா அவ?"

"உங்க ஜன்னலப் பாத்தா உள்ள ஆள் குடியிருக்காங்களா, வீட்டைக் காலி பண்ணிட்டாங்களான்னு தெரியலயாம்."

வாத்தியாரம்மாவின் தோள் அளவு கோபத்தில் ஓர் அங்குலம் ஏறியது. "மழைக்காலத்துல துடைச்சா மறுபடி அழுக்காகாதா?"

"மழை தண்ணிதானேங்க, அது எங்க அழுக்காகும்? கண்ணாடில ஏற்கெனவே இருக்கிற தூசிதான் ஒழுகிக் கோடு கோடாத் தெரியுது. சுத்தமா இருந்தா மழை பட்டாலும் பளிச்சுனு இருக்கும். இது எங்க வீட்டுக்காரர் சொன்னது, நான் சொல்லல."

இது மட்டும் உண்மை. அங்கிருந்து நேரே எதிர் வீட்டுக்குப் போய், வாத்தியாரம்மா சொன்னதாகப் பல் டாக்டர் சம்சாரத்திடம் அதையே சொன்னாள். பிறகு கேக் கடைக்காரர் வீடு, கணக்கர் வீடு, மூலை வீட்டு இரட்டைச் சகோதரிகள். எல்லோருக்கும் எதிர் வீடு என்று ஒன்று இருந்தது தையலக்காவின் அதிர்ஷ்டம்.

மறுநாளிலிருந்து வீட்டு வாசலில் ஆள்மேல் ஆள். "ஏணிக்காரர் இருக்காரா? மழை விட்டதும் வரச் சொல்லுங்க." "எங்க வீட்டுக்கு முதல்ல." "எதிர் வீட்டுக்கு முன்னாடி எங்களுக்கு."

சோபாவில் ஒரு கால் மடக்கிப் படுத்திருந்த ஏணிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னடி இது, ஊருக்கே கிறுக்குப் பிடிச்சிருக்கு? கொட்டற மழையில ஜன்னல் துடைக்கச் சொல்றாங்க!"

"எனக்கென்னங்க தெரியும். நான் பாட்டுக்குத் தைச்சிக்கிட்டிருக்கேன்."

தொண்டை கரகரப்புக்கு வாங்கிவர எடுத்து வைத்திருந்த பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு, அவர் ஏணிக் கால்களுக்குப் புது ரப்பர் போட உட்கார்ந்தார். ஈரத்தில் வழுக்கக் கூடாதே. காலையில் மழை விட்டதும் கிளம்பினார். வானம் வெளுத்தும் வெளுக்காமலும் இருந்தது. மூக்கு நுனி சிவக்கத் திரும்பி வந்து, ஒரு தட்டுக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார். சில நாள் கழித்துத் தெருமுனையில் விசில் சத்தம் கேட்டது. இருட்டு மாதத்தில் விசில்! தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சுருதி சேராத விசில்தான். அவளுக்குக் கண் கலங்கியது.

இத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் சுத்தமான கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதில் இரண்டு பக்கமும் தெரியும்.

மங்கலாக இருந்தவரை ஒவ்வொரு வீடும் ஒரு மஞ்சள் வெளிச்சம், அவ்வளவுதான். இப்போது பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் விளக்கைப் போட்டதும் தெருவே சினிமாக் கொட்டகை. அப்போதுதான் தெரிந்தது, இருட்டு மாதத்தில் தொண்டை கரகரப்பது ஏணிக்காரருக்கு மட்டுமில்லை என்று. ஒழுக்கம் பற்றி மூச்சுவிடாமல் பேசும் வாத்தியார், சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அதன் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுப்பதைப் பல் டாக்டர் பார்த்தார். பல் டாக்டர் வாய் கொப்பளிக்கும் மருந்தைக் கொப்பளிக்காமல் விழுங்குவதை வாத்தியார் பார்த்தார். கேக் கடைக்காரர் கேக்கில் ஊற்ற வேண்டியதைக் கேக்குக்குக் கொஞ்சமும் தனக்குக் கொஞ்சமுமாகப் பங்கு பிரிப்பதை இரட்டைச் சகோதரிகள் பார்த்தார்கள். சகோதரிகள் ஆளுக்கொரு அறையில், ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஊற்றிக்கொள்வதைத் தெருவே பார்த்தது.

"பாத்தீங்களா, ஊருக்கு உபதேசம் பண்ற ஆளு!"

"நீங்க மட்டும் என்ன, மருந்தா குடிக்கிறீங்க?"

"ஆமா, மருந்துதான்!"

"அப்ப பல்லு இல்லாத வயித்துக்கு எதுக்குப் பல் மருந்து?"

இரண்டே நாளில் தெரு முழுவதும் ஒரே முடிவுக்கு வந்தது. திரைச்சீலை வேண்டும். கனமான துணியில், வெளிச்சம் துளிகூட உள்ளே வெளியே போகாத மாதிரி. தெருவில் தையற்காரி யார்? துணி மூட்டை மூட்டையாகத் தையலக்கா வீட்டில் வந்து இறங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு இப்போது மெஷின் மேல் உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்த்து இளித்தது. ஒவ்வொரு திரைக்கும் ஒரு ஏணி நாள் போகும். திரை போட்ட ஜன்னலை எவன் துடைக்கச் சொல்வான்? ஞாயிற்றுக்கிழமைக்கோ இன்னும் ஒரு வாரம் இருந்தது.

தையலக்கா யோசித்தாள். பிறகு உலகத்தில் எல்லாத் தையற்காரர்களிடமும் இருக்கிற பழைய ஆயுதத்தைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்கு வாங்க. முடிஞ்சிடுச்சு, இஸ்திரி மட்டும் பாக்கி."

மறுநாள்: "நூல் கலர் கிடைக்கல."

அதற்கு மறுநாள்: "மெஷின் பெல்ட் அறுந்துபோச்சு."

நாலாவது தடவை வந்த பல் டாக்டரிடம் பழக்க தோஷத்தில், "எல்லாம் ரெடி சார், காஜா மட்டும் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

"பொத்தானே இல்லாத திரைக்கு எதுக்கும்மா காஜா?"

"அது... நல்ல திரைன்னா காஜா இருக்கும் சார்."

பல் டாக்டர் ஒரு கணம் நம்பிவிட்டார். ஆனால் வாத்தியார் அப்படி விடுகிற ஆளில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், ஏணிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எங்க திரைச்சீலை எங்கம்மா? வீட்டுக்குள்ள நிம்மதியா உக்கார முடியல. எல்லாம் உங்களால வந்த வினை!"

"நான் என்ன சார் பண்ணேன்?"

"நீங்கதானே எங்க வீட்டம்மாகிட்ட வந்து, எதிர் வீட்ல நம்ம ஜன்னலப் பாத்துச் சிரிக்கறாங்கன்னு சொன்னீங்க? எதிர் வீட்ல கேட்டா, நாங்க சிரிச்சதா சொன்னீங்களாம்! கேக் கடைக்காரர்கிட்டயும் இதே கதை. இந்த அம்மா சொல்லலன்னா யாருய்யா மழையில ஜன்னல் துடைச்சிருப்பா?" என்று ஏணிக்காரர் பக்கம் திரும்பினார்.

தையலக்கா ஏணிக்காரரைப் பார்க்கவில்லை. நிலைக்கண்ணாடியில் அவர் தெரிந்தார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றிருந்தது.

வாத்தியார் போனதும் அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எனக்கு வேலை கேட்டு வீடு வீடாப் போனியா?"

"வேலை கேக்கலங்க. வம்புதான் பேசினேன்."

"நான்கூட என்னமோ, இவன் துடைச்சாத்தான் கண்ணாடி கண்ணாடியா இருக்குன்னு கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்." அவர் குரல் ஏறவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "என்னைச் சின்னப் பிள்ளையாட்டம் ஏணில ஏத்தி வேடிக்கை பாத்திருக்க."

"மக வரணும்ல..."

அவர் கேட்கவில்லை. ஆணியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டார்.

தையலக்கா தைத்த துணியை மெஷினிலேயே விட்டாள். பிறகு அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவர் எங்கே போயிருப்பார் என்பதற்குத் துப்பறிய வேண்டியதில்லை. தெருமுனை தாண்டி இடது பக்கம் பாட்டில் கடை. முன்னால் விற்பனை, பின்னால் நாலு மேஜை. வாசலில் நின்றாள். உள்ளே போனால் மானம் போகும். போகாவிட்டால் தெரியாது. பக்கவாட்டில் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது, ஆனால் பாட்டில் கடைக்காரர் பிறந்ததிலிருந்து அதைத் துடைத்ததில்லை போல. உள்ளே மஞ்சள் வெளிச்சமும் நிழல்களும்தான் தெரிந்தன.

முந்தானையை எடுத்துக் கண்ணாடியில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். மழைத் தண்ணீரும் அழுக்கும் குழம்பி வட்டம் வட்டமாகச் சேறு பூசியதுதான் மிச்சம். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். வட்டம் பெரிதானது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை கிடைத்தது. கண்ணை வைத்துப் பார்த்தாள்.

மூலை மேஜையில் ஏணிக்காரர். எதிரே கிளாஸ். பாதி காலி.

 ஞாயிற்றுக்கிழமை, பஸ், குழந்தை எல்லாம் அந்தப் பாதி கிளாஸுக்குள் முங்கிப்போனது மாதிரி இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் இன்னும் வேகமாகத் தேய்த்தாள், சுற்றிச் சுற்றி, சுற்றிச் சுற்றி.

உள்ளே ஏணிக்காரர் நிமிர்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடி கிளாஸைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். பல்வலிக்காரன் மாதிரி நாற்காலியில் நெளிந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து, கிளாஸை அப்படியே விட்டுவிட்டு வெளியே பாய்ந்து வந்தார்.

"அடியே! யாராவது கண்ணாடிய இப்படிச் சுத்திச் சுத்தித் தேய்ப்பாங்களா? கோடு விழும்டி! மேலேருந்து கீழ இழுக்கணும், மேலேருந்து கீழ!"

"எனக்கென்ன தெரியும்!"

"இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தி இதுகூடத் தெரியல. கொண்டா இங்க!"

அவளுடைய முந்தானையை அவளோடு சேர்த்து இழுத்து விலக்கி, தோளிலிருந்த துண்டை மழையில் நனைத்து, மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, பக்கத்தில் ஒரு இழுப்பு, விளிம்பில் விரலால் ஒரு ஒற்றல். கடைக்குள் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முதல் தடவையாகத் தெரு தெரிந்தது. தெருவில் மழையில் நனைந்தபடி ஒரு கிழட்டு ஜோடி சண்டை போடுவதும் தெரிந்தது.

"போதும் விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான் கண்ணாடி."

அவர் கை நின்றது. குரல் இறங்கியது. "பாதி குடிச்சிட்டேன்டி."

"பாத்தேன்."

"மகளுக்கு என்ன சொல்லப் போற?"

தையலக்காவின் வாய் தானாகத் திறந்தது. இருமல் மருந்து, பச்சைத் தண்ணீர், தூரத்துச் சொந்தம் என்று அதற்குள் எத்தனையோ தயாராக இருந்தன. அத்தனையையும் விழுங்கினாள்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிய கையோடு அவரே ஃபோனை எடுத்தார். தையலக்கா அடுப்படிக்குப் போவது போலப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றாள். பழக்கம் எங்கே போகும்.

"அம்மாடி, அப்பா பேசறேன். இன்னைக்கு நான் குடிச்சேன். பாதி கிளாஸ்."

அந்தப் பழைய ஃபோனில் அந்தப் பக்கக் குரல் அடுப்படி வரை கேட்கும்.  இத்தனை வருஷத்தில் தொண்டை, சளி, குளிர் என்றுதான் சொல்லியிருக்கிறாரே தவிர, குடித்தேன் என்ற சொல் அந்த வாயிலிருந்து மகள் கேட்டதில்லை.

"ஏம்ப்பா பாதி?" என்றாள் மகள்.

"உங்கம்மா வெளிய நின்னு கண்ணாடியக் கெடுத்துக்கிட்டிருந்தா. பாத்துக்கிட்டு உக்கார முடியல."

என்னவோ ஒரு சத்தம். அழுகிறாளோ என்று தையலக்கா கதவை இன்னும் கொஞ்சம் நெருங்கினாள். சிரிக்கிறாள். அவள் சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. ஏணிக்காரர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த வீறிடலைக் கச்சேரி மாதிரி கேட்டார்.

"அம்மா அங்கதானே ஒட்டுக் கேக்கறா? கொடுங்க."

தையலக்கா வாங்கினாள்.

"நிஜமாவே பாதிதானா?"

"நான் பாத்தப்ப பாதி. முன்னாடி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுடி."

தெரியாது என்று அம்மா சொல்லி மகள் கேட்டதும் அதுதான் முதல் தடவை. அதனாலோ என்னவோ குரல் கொஞ்சம் இளகியது. "சரி. வர்றோம். ஆனா வீட்டுல ஒரு சொட்டு இருக்கக் கூடாது. அப்பாவுக்கு மறுபடி தோணுச்சுன்னா அப்பாவே எங்கிட்ட சொல்லணும். நீ மறைக்கக் கூடாது. டாக்டரையும் பாக்கணும், நாளைக்கே."

மறுநாள் காலையில் இருவரும் நர்ஸம்மாவின் கிளினிக்குப் போனார்கள். தெருவுக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று தையலக்கா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். உள்ளே பெஞ்சில் வாத்தியார் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. அவருக்கு அடுத்து பல் டாக்டர் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். இரட்டைச் சகோதரிகள் ஆளுக்கொரு மூலையில்.

"முழங்கால் வலி" என்றார் வாத்தியார், யாரும் கேட்காமலேயே.

"எனக்கும்" என்றார் பல் டாக்டர்.

"எனக்குக் குடி" என்றார் ஏணிக்காரர். உட்கார இடம் தேடினார். பெஞ்சில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து இடம் விட்டார்கள்.

டாக்டர் என்ன சொன்னார் என்பது தையலக்காவுக்குத் தெரியாது. அவளை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். கதவில் இருந்ததும் மங்கல் கண்ணாடி. நகத்தைக் கடித்துக்கொண்டு அவள் பட்ட பாட்டை நர்ஸம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். வெளியே வந்த ஏணிக்காரர், "ஒரு நாள்ல சரியாகிற சமாச்சாரம் இல்லையாம். திரும்பத் திரும்ப வரணுமாம்" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலம் அவர் முகம் கறுத்துத்தான் இருந்தது. சோபாவுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். தையலக்கா பக்கத்தில் உட்கார்ந்து திரைச்சீலை தைத்தாள். காஜா இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை வானம் கொஞ்சம்கூட வெளுக்கவில்லை. பஸ் நிலையத்தில் பகலிலேயே விளக்கெரிந்தது. ஏணிக்காரர் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பஸ் வருவதற்கு வெகு முன்னாலிருந்தே நின்றுகொண்டிருந்தார். தையலக்கா எதிரே நின்றிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் பேத்தி வருகிற கதையைப் பாதி வரை சொல்லி முடித்திருந்தாள்.

பஸ் வந்தது. மாப்பிள்ளை பெட்டிகளோடு முதலில் இறங்கினார். பின்னால் மகள், மார்பில் ஒரு கம்பளி மூட்டையோடு. மூட்டையிலிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

ஏணிக்காரர் கையை நீட்டவில்லை. கேட்கவும் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மகள் கிட்டே வந்தாள். அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். பிறகு கன்னத்தோடு கன்னம் வைப்பது போலக் குனிந்து, நன்றாக, கூச்சமே இல்லாமல், மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை.

"உக்காருங்கப்பா, அந்தப் பெஞ்சில" என்றாள். அவர் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலை ஊன்றிக்கொண்டார். "கழுத்துக்குக் கீழ கை கொடுங்க. ம். அப்படித்தான்."

குழந்தையை அவர் மடியில் வைத்தாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் தன் கையை எடுக்கவில்லை. அப்புறம் எடுத்தாள்.